ஒருநாள் யாத்திரை: திருவல்லிக்கேணியிலிருந்து புதுவை சென்று மீளும் வகை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவல்லிக்கேணியில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை உலகோர் பார்த்தசாரதி என்றே அழைப்பர். அகில உலகங்களையும் நடத்துபவன், ஒரு மானிடனுக்குத் தேரோட்டியாய் நின்ற எளிமையை அத்திருநாமம் உரைக்கின்றது. உத்ஸவ மூர்த்தியின் திருமுகமண்டலத்தில் காணும் வடுக்கள் பாரதப் போரில் பீஷ்மருடைய அம்புகளை ஏற்ற அடையாளம் என்பது பெரியோர் வாக்கு. தேரில் பின்னே அமர்ந்தவனுக்கு முன்னே இருந்து, வருவதை முதலில் ஏற்பவன் சாரதி. இந்த உண்மையை ஸந்நிதியில் ஸேவிக்கும் நாம், வெளியே வந்து வாடகை வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே காலையில் புறப்பட்டு அன்றே திரும்பும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இடையில் திருவிடந்தை, திருக்கடல்மல்லை என்னும் இரு திவ்யதேசங்கள் சாலையை ஒட்டியே அமைந்திருப்பதால், ஆஸ்திக அன்பர்கள் பலர் குடும்பத்தோடும் கோஷ்டியோடும் இவ்வழி செல்லுகின்றனர். "காலையில் போய் இரவில் வந்துவிடலாம்" என்ற சொல் எளிதில் வாயில் வருகிறது. அவ்வாறு சென்று நலமே மீள்வதற்கு ஒருநாளை எவ்வாறு வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அடியேன் கண்டது

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவைச் சேர்ந்த பதினால்வர் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு புதுவைக்குப் புறப்பட்டோம். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பாடு. இரு திவ்யதேசங்களையும் ஸேவித்துப் புதுவை சேர்ந்ததும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று ஒருவர் சொல்ல, கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்தையும் சேர்த்துக்கொண்டோம். மாலையில் மீண்டும் புதுவைக் கடற்கரை. இரவு உணவு முடித்து ஒன்பது மணிக்குத் திரும்பினோம்.

மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே வண்டி மெல்ல மெல்ல இடப்புறம் சாய்ந்தது. எல்லோரும் உறக்கத்தில் இருந்தோம். முன் இருக்கையில் விழித்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் "அப்பா, வண்டி!" என்று கூவினார். சக்கரம் ஓரத்து மணலில் இறங்கிய நிலையில் ஓட்டுநர் விழித்து வண்டியை நிறுத்திவிட்டார். எம்பெருமான் திருவருளால் ஒருவருக்கும் காயமில்லை. ஓட்டுநர் இறங்கிச் சாலையோரத்தில் அமர்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். முந்தைய இரவு ஒரு கல்யாண கோஷ்டியை ஊர் சேர்த்துவிட்டு நேரே எங்கள் தெருவுக்கு வந்தவர் அவர். இரண்டு இரவுகளாகப் படுக்கவில்லை. "ஏனப்பா, முன்னமே சொல்லக்கூடாதா?" என்று மூதாட்டி கேட்டார். "நீங்கள் ஒருவரும் கேட்கவில்லையே, அம்மா" என்றார் அவர்.

அன்று எங்களில் எவருக்கும் மறுமொழி இல்லை. எந்தக் கோயிலில் எப்போது நடை திறக்கும், எங்கே காப்பி நன்றாயிருக்கும் என்றெல்லாம் நாங்கள் கேட்டு அறிந்திருந்தோம். எங்கள் பதினான்கு உயிர்களையும் கையில் பிடித்திருந்தவர் நேற்று உறங்கினாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

பார்த்தசாரதி நடத்திய ஒருநாள்

மஹாபாரதத்தில் ஒருநாளுக்குள் முடிக்க வேண்டிய பயணம் ஒன்று உண்டு. அபிமன்யு வீழ்ந்த பின், மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், தவறினால் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்தான். பகைவரின் வியூகங்களை ஊடுருவி நெடுந்தொலைவு தேர் செல்ல வேண்டும். காலத்தின் எல்லையோ மாலைச் சூரியன். இந்த நாளைப் பகவான் நடத்திய முறையில் நமக்குரிய பாடங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, முன்னிரவின் ஆயத்தம். அன்றிரவே பகவான் தன் சாரதியான தாருகனை அழைத்துத் தன் தேரையும் ஆயுதங்களையும் குதிரைகளையும் ஸித்தமாக வைத்திருக்கும்படி கட்டளையிட்டான். ஏறவிருந்த தேர் ஒன்று இருக்க, வேறொன்றும் காத்திருந்தது.

இரண்டாவது, நடுவழி ஓய்வு. போரின் நடுவே, பொழுது சாயத் தொடங்கிய வேளையில், குதிரைகள் அம்புபட்டுக் களைத்தன. இன்னும் தொலைவு மிகுதி, காலமோ குறைவு. நம்மவராயின் "இன்னும் கொஞ்சம் விரட்டு" என்றிருப்போம். அங்கே தேர் நிறுத்தப்பட்டது. அர்ஜுனன் தரையில் நின்று பகைவரைத் தடுத்தான். அம்பினால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை ஒன்றை உண்டாக்கினான். பகவான் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைத் தன் கையாலேயே களைந்து, உடலைத் தேய்த்து, நீரூட்டி, தீனி கொடுத்து, களைப்பு நீங்கிய பின்னரே மீண்டும் பூட்டினான். சபதமும் அன்று மாலைக்குள் நிறைவேறியது.

மூன்றாவது பாடம் பலர் கவனியாதது. குதிரைகள் களைத்துவிட்டன, அவற்றை அவிழ்க்கலாமே என்று முதலில் சொன்னவன் அர்ஜுனன். தன் கருத்தும் அதுவே என்று பகவான் இசைந்தான். தேரை ஓட்டியவன் ஸர்வஜ்ஞன். அவனுக்கே பின்னிருந்தவன் நினைவூட்டினான். ஆகவே ஓய்வு கேட்கும் கடமை சாரதியைச் சேர்ந்தது மட்டும் அன்று. வண்டியில் அமர்ந்தவர்களையும் சேர்ந்தது.

நாளை அளந்துகொள்ளுதல்

இனி நம் யாத்திரைக்கு வருவோம். ஒருநாள் என்பது இருபத்துநான்கு மணியன்று. அது சாரதி உறங்கி எழுந்த பின் உள்ள பன்னிரண்டு மணியே. இது அடியேன் வகுத்த கணக்கன்று. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு வேலை 8 மணி நேரம் என்றும், தொடர்ந்து 5 மணிக்கு மேல் போகாமல் இடையே அரைமணி ஓய்வு வேண்டும் என்றும், ஓய்வையும் சேர்த்து நாளின் முழு விரிவு 12 மணிக்குள் அடங்க வேண்டும் என்றும் பொதுவிதியாகக் கூறியது. சொந்த வண்டியை வீட்டுப் பிள்ளையே ஓட்டினாலும் உடம்பு ஒன்றே. ஆகையால் எல்லோரும் இந்த அளவையே கொள்வது நலம்.

வழித்தொலைவு இது: திருவல்லிக்கேணியிலிருந்து திருவிடந்தை சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 18, மாமல்லபுரத்திலிருந்து புதுவை 95 முதல் 100 வரை. போகவும் வரவும் 310 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நகர நெரிசலையும் ஊர்களையும் கருதினால் வண்டி ஓடும் நேரம் மொத்தம் ஆறரை மணி. பன்னிரண்டில் ஆறரை போக, தரிசனம், உணவு, ஓய்வு, ஊர் காணுதல் ஆகிய அனைத்துக்கும் எஞ்சுவது ஐந்தரை மணி மட்டுமே. யாத்திரை வகுப்பவர் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டிய எண் இந்த ஐந்தரை. கோயில்களின் பட்டியலை அதன் பிறகு எழுதுக.

அந்த ஐந்தரை மணியைப் பின்வருமாறு பகிரலாம்:

காலை 6-00: திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பாடு.
7-00 முதல் 7-40 வரை: திருவிடந்தை.
8-10 முதல் 9-55 வரை: மாமல்லபுரம், சிற்றுண்டி, தலசயனப் பெருமாள் ஸேவை.
11-00 அளவில்: இடைக்கழிநாட்டுப் பகுதியில் கால்மணி நிறுத்தம்.
பகல் 12-10 முதல் 2-40 வரை: புதுவை, உணவு, ஓய்வு, ஊர்.
2-40: திரும்புதல், நடுவழியில் இருபது நிமிட நிறுத்தம்.
மாலை 6-00: திருவல்லிக்கேணி.

தை மாதத்தில் சென்னையில் சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறு மணிக்கே. ஆகவே இத்திட்டப்படி அஸ்தமனத்தோடு வீடு சேரலாம். ஞாயிறு மாலைகளில் உத்தண்டி முதல் திருவான்மியூர் வரை வண்டிகள் நெருங்கி நிற்கும். அன்று செல்வோர் புதுவையை அரைமணி முன்னதாகவே விட்டுப் புறப்பட வேண்டும்; இயலுமாயின் வேறு கிழமையைத் தேர்ந்துகொள்வது மேல்.

காலம் தேர்ந்தெடுத்தல்

இக்கடற்கரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். வங்கக் கடலில் எழும் புயல்கள் இச்சாலையை நேரே தாக்குவதும் உண்டு. 2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவையின் அருகே கரையேறிப் பெருமழை கொட்டியது. ஆகையால் அம்மாதங்களில் வானிலை அறிக்கையைக் கேளாமல் நாள் குறித்தல் கூடாது. முன்பணம் கொடுத்துவிட்டோம் என்பது புயலுக்குத் தெரியாது. சித்திரை, வைகாசியில் நண்பகல் வெயில் முதியோரை வாட்டும். தை, மாசி மாதங்களே உத்தமம்.

சூரியனைப் பற்றி மற்றொரு நுட்பம். போகும்போது நாம் தெற்கு நோக்கிச் செல்கிறோம். காலைச் சூரியன் இடப்பக்கம். மாலையில் வடக்கு நோக்கித் திரும்புகிறோம். அப்போது மேற்குச் சூரியனும் இடப்பக்கமே. ஆகவே பின் இருக்கையின் வலப்பக்கம் இருவேளையும் நிழலில் இருக்கும். முதியோரையும் நோயாளரையும் அங்கே அமர்த்துக.

முன்னிரவு செய்ய வேண்டுவன

தாருகனுக்கு இட்ட கட்டளையை நினைந்து, வண்டியை முந்தைய நாள் மாலையிலேயே பார்த்துவிட வேண்டும். டயர்களில் காற்று, ஸ்டெப்னியிலும் காற்று, எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு, மழைத்துடைப்பான் ஆகியன சரியாயுள்ளனவா என்று காண்க. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய பின் அளவு மிகுத்துக் காட்டும். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த யாத்திரைக்கு இருபத்தொரு லிட்டர் எரிபொருள் ஆகும்; முன்னிரவே நிரப்பிவிட்டால் காலையில் காத்திருக்க வேண்டியதில்லை. சுங்கச் சாவடிகளுக்குரிய பாஸ்டேக் கணக்கில் பணம் இருத்தல் வேண்டும். சாலை விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை இருக்கக்கூடும். கைப்பேசி வரைபடத்தைப் பார்ப்பதும் வழி சொல்வதும் முன் இருக்கையில் இருப்பவர் பணி. ஓட்டுநர் கையில் அது இருத்தல் கூடாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஓட்டுநரின் உறக்கம். வாடகை வண்டி அமர்த்துவோர், "முந்தைய இரவு வேறு சவாரி போகாத ஓட்டுநர் வேண்டும்" என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுக. காலையில் அவர் வந்ததும் முதல் வார்த்தையாக, "நேற்றிரவு உறங்கினீர்களா? எத்தனை மணி?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் புறப்பாட்டைத் தள்ளுங்கள், அல்லது வேறு ஓட்டுநரை அழையுங்கள். விடியற்காலை மூன்று மணிப் புறப்பாடு பக்தியின் அறிகுறி என்று எண்ணற்க. இரவு இரண்டு மணி முதல் விடியும் வரை மனித உடம்பு உறக்கத்தையே நாடும். அவ்வேளையில் விழித்துக் கிளம்பியவருக்கு மாலையில் அந்தக் கடன் வட்டியோடு வந்து சேரும்.

வழியும் தலங்களும்

திருவிடந்தையில் ஆதிவராஹப் பெருமாள் பிராட்டியை இடப்பக்கத்தில் தாங்கி ஸேவை ஸாதிக்கிறார். திருவை இடப்பால் கொண்ட எந்தை என்பதே ஊர்ப்பெயரின் பொருளாகக் கூறுவர். காலவ ரிஷியின் முந்நூற்றறுபது கன்னிகைகளை நாளுக்கு ஒருவராக மணந்த புராணத்தினால் உத்ஸவருக்கு நித்யகல்யாணப் பெருமாள் என்று திருநாமம். திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த தலம். திருமணப் பிரார்த்தனைக்கு மாலையோடு வருவோர் மிகுதி. ஆதலால் விடுமுறை நாட்களில் வரிசை நீளும். காலை ஏழு மணிக்குச் சேர்ந்தால் நாற்பது நிமிடத்தில் மனநிறைவோடு ஸேவிக்கலாம். அதே ஸேவைக்குப் பத்து மணிக்குச் சென்றால் ஒன்றரை மணி ஆகலாம். அதிகாலைப் புறப்பாட்டின் பயன் இதுவே. வேகத்தைக் கூட்டி மீட்க இயலாத நேரத்தை வரிசையில் மீட்டுக்கொள்ளலாம்.

திருக்கடல்மல்லை பூதத்தாழ்வாரின் திருவவதாரத் தலம். ஆதிசேஷனாகிய அணையின்றித் தரையிலேயே சயனித்திருக்கும் தலசயனப் பெருமாள், புண்டரீக மஹரிஷியின் அன்புக்கு இரங்கி அங்ஙனம் கிடந்தான் என்பது தலபுராணம். கோயில் ஊரின் நடுவே உள்ளது. அதை ஒட்டியே அர்ஜுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறைச் சிற்பம். பகீரதன் தவம் என்று கொள்வாரும் உளர். ஸேவை முடிந்ததும் அச்சிற்பத்தைக் கால்மணி நின்று காணலாம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் இன்று சேர்க்க வேண்டா. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற இடம் இது. இதற்கென்று தனியே ஒருநாள் வருவதே முறை.

மாமல்லைக்குத் தெற்கே பாலாற்றைக் கடந்து செல்லுகையில் ஊர்கள் குறைந்து உப்பங்கழிகள் தோன்றும். இடைக்கழிநாடு என்ற பெயரே கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்பதைக் காட்டும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழியும் ஊரும் கிடைக்கும் உணவும் சொல்லி அனுப்புவதாக அமைந்தது அந்நூல். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்துப் பகுதி என்று அறிஞர் பலர் கருதுவர். முன்னே சென்று வந்தவன் பின்னே செல்பவனுக்கு வழி கூறுதல் தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. அந்த நூலின் புலவரது ஊர் நாம் செல்லும் இச்சாலையின் மேலேயே உள்ளது. இப்பகுதியில் கடப்பாக்கத்தை அடுத்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகள் கழிமுகத்தில் நிற்கின்றன. இறங்கி நடக்க நேரமில்லை. ஆயினும் கால்மணி வண்டியை நிறுத்தி, அனைவரும் கை கால் நீட்டி, ஓட்டுநருக்கு மோரோ தேநீரோ கொடுத்துப் பின் புறப்படுக.

மரக்காணத்தில் இருபுறமும் உப்பளங்கள் வெண்பட்டு விரித்தாற்போல் காணும். சாலைக்கு இணையாகத் தொடர்ந்து வந்த பக்கிங்ஹாம் கால்வாயின் தென்முனை இவ்வூரே. முன்னாளில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் காற்றையும் கயிற்றையும் நம்பி இக்கால்வாயில் சென்னைக்கு ஊர்ந்தன. அன்று பல நாள் பிடித்த வழியை இன்று மூன்று மணியில் கடக்கிறோம். கிடைத்த வசதியைப் பேராசையாக மாற்றிக்கொள்வது நம் குற்றமேயன்றிச் சாலையின் குற்றமன்று.

புதுவையை நண்பகலில் அடைவதில் ஒரு பொருத்தம் உண்டு. கோயில்கள் அனைத்தும் நடை சாத்தியிருக்கும் வேளை அது. எம்பெருமானே திருக்காப்பிட்டுக்கொள்ளும் நேரத்தில் நம் சாரதிக்கும் ஓய்வு கிடைக்கட்டும். அவரை வண்டியிலேயே உண்ணச் சொல்லாமல் நம்மோடு பந்தியில் அமர்த்தி, வயிறு கனக்காத உணவு அளித்து, நிழலில் படுத்து அரைமணி உறங்கச் சொல்லுக. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை உடம்பு தானாகவே சோர்வுறும். முன்னதாகச் சிறிது உறங்கியவரை அச்சோர்வு வெல்லாது. அந்நேரத்தில் மற்றவர்கள் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்து வரலாம். 1908 முதல் 1918 வரை பாரதியார் இவ்வூரில் வாழ்ந்தார். பகவத்கீதையைத் தமிழாக்கிய அவர் தம் இறுதி நாட்களைக் கழித்தது பார்த்தசாரதி ஸந்நிதியை அடுத்த திருவல்லிக்கேணித் தெருவில். நம் வழியின் இரு முனைகளையும் இணைத்த பெரியார் அவர்.

திரும்புகால்

யாத்திரையின் ஆபத்து போகும் வழியில் குறைவு. திரும்பும் வழியில் மிகுதி. ஓட்டுநர் களைத்திருப்பார், உடன் வந்தவர் உறங்கிவிடுவர், வீடு சேரும் ஆவல் வேகத்தைத் தூண்டும். வேகத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியை மணிக்கு 60 வேகத்தில் ஒரு மணியில் கடக்கலாம். 80 வேகத்தில் முக்கால் மணியில். மிச்சமாவது பதினைந்து நிமிடம். அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி வளர்வதால், பிரேக் அழுத்திய பின் வண்டி நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. மணிக்கு 80 வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஓட்டுநர் நான்கு நொடி கண் அயர்ந்தால், ஏறத்தாழ 90 மீட்டர் அவ்வண்டி சாரதியற்ற தேராகவே ஓடுகிறது. மரக்காணத்தில் எங்கள் வேன் ஓடியதும் அப்படித்தான்.

ஆகவே திரும்புகையில் சில நியமங்கள் வேண்டும். முன் இருக்கையில் அமர்பவர் உறங்குதல் கூடாது. ஓட்டுநரோடு அவ்வப்போது பேசிக்கொண்டு அவர் முகத்தைக் கவனிப்பது அவர் கைங்கர்யம். அடிக்கடி கொட்டாவி, கண்ணைத் தேய்த்தல், கடந்த ஊரின் பெயர் நினைவில் இல்லாமை, வண்டி கோட்டை விட்டு விலகுதல் ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது பாட்டைக் கூட்டுவதும் கண்ணாடியை இறக்குவதும் மருந்தாகா. வண்டியை ஒதுக்கி இருபது நிமிடம் உறங்கவைப்பதே மருந்து. பின் இருக்கையில் உள்ளோரும் பெல்ட் அணிதல் சட்டமும் விவேகமும் ஆகும். குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் அமர்தல் கூடவே கூடாது. இருள் சூழ்ந்த பின் இச்சாலையில் விளக்கற்ற சைக்கிள்களும், குறுக்கே வரும் கால்நடைகளும், மது அருந்தி ஓட்டும் பொறுப்பற்றோரும் எதிர்ப்படலாம். நாம் நிதானமாக இருந்தாலும் பிறர் அங்ஙனம் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. அதனாலேயே மாலைக்குள் வீடு சேரும்படி நாளை வகுத்தோம்.

வழியில் விபத்தைக் கண்டால் 108 எண்ணுக்கு அழைத்து, காயமுற்றவருக்கு உதவுக. நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கில் சிக்கவைத்தல் ஆகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் காப்பு அளித்துள்ளது.

விட வேண்டியவை

யாத்திரை வகுப்போருக்கு அரிய கலை, சேர்ப்பதன்று, விடுவது. எங்கள் கோஷ்டி அன்று திருவயிந்திரபுரத்தைச் சேர்த்தது பக்தியால்தான். ஸ்வாமி தேசிகன் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த அத்தலத்தை யாரே ஸேவிக்க விரும்பார்? ஆயினும் புதுவையிலிருந்து போய்வரவும் ஸேவிக்கவும் குறைந்தது மூன்று மணி வேண்டும். ஐந்தரை மணியில் அதற்கு இடமில்லை. இடமில்லாததை நுழைத்தால், அந்த மூன்று மணியும் சாரதியின் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. நாம் பெற்ற தரிசனத்துக்கு இன்னொருவர் தம் கண்ணின் ஓய்வை விலையாகக் கொடுக்கிறார். இதை எம்பெருமான் உகப்பானோ?

திருவயிந்திரபுரமும் வேண்டும், புதுவையின் மாலைக் கடற்கரையும் வேண்டும் என்போர் புதுவையில் ஓரிரவு தங்கி இரண்டு நாள் யாத்திரையாக வகுத்துக்கொள்க. தங்கும் செலவை எண்ணித் தயங்குவோர், ஓட்டுநருக்கும் ஒரு படுக்கை என்பதைச் சேர்த்தே எண்ணுக. அதற்கும் பொருள் போதாதாயின் இம்முறை இரு திவ்யதேசங்களோடு நிறுத்தி, மாமல்லையிலிருந்தே திரும்பலாம். தலசயனப் பெருமாள் அங்கேயே கிடக்கிறான். அடுத்த முறையும் அங்கேயே இருப்பான். நாமும் அடுத்த முறை செல்ல இருக்க வேண்டும்.

நினைவிற் கொள்ள

ஒன்று: நாளைச் சாரதியின் உறக்கத்திலிருந்து அளக்கத் தொடங்குக, அவர் எழுந்தபின் உள்ள பன்னிரண்டு மணியே நம் நாள்.
இரண்டு: ஓடும் நேரத்தை முதலில் கழித்து, எஞ்சிய நேரத்துக்குள் தலங்களை அமைக்க.
மூன்று: வண்டியை முன்னிரவிலும், வானிலையை முன்னாளிலும் பார்க்க.
நான்கு: நடை சாத்தும் நண்பகலைச் சாரதியின் ஓய்வுக்கு ஆக்குக.
ஐந்து: இருட்டுமுன் மீள்க, இயலாதெனின் தங்குக.

அன்று மரக்காணத்தில் அந்த மூதாட்டி கீழே இறங்கி, தம் பையிலிருந்த பிரஸாதப் பொட்டலத்தைப் பிரித்து ஓட்டுநர் கையில் கொடுத்தார். "முதலில் உண்டு, படுத்து எழுந்திரு அப்பா, விடிந்தபின் போகலாம்" என்றார். பதினான்கு பேரும் ஒரு டீக்கடையின் திண்ணையில் விடியும் வரை அமர்ந்திருந்தோம். கொசுக்கடி மிகுதி. காலை வெளிச்சத்தில் அவர் முகம் தெளிந்திருந்தது. வண்டி நேராக ஓடியது. திருவல்லிக்கேணி சேர்ந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு ஸந்நிதிக்குள் சென்றோம். திருமுகத்து வடுக்களை அடியேன் அதுவரை எத்தனையோ முறை ஸேவித்ததுண்டு. தேரை முன்னின்று செலுத்துபவன் நமக்காக எதை ஏற்கிறான் என்பது அன்றுதான் நெஞ்சில் பட்டது.

யாத்திரை புறப்படும் அன்பர்கள் வண்டியில் ஏறுமுன் அத்திருமுகத்தை ஒருகணம் நினைந்து, தம் சாரதியை நோக்கி அந்த ஒரு கேள்வியைக் கேட்பார்களாக.

சுபம்.